தாமதமாக வரும் கால்

மின்சாரம் போயிருந்த ஓர் ஐப்பசி மாலையில்தான் சங்கரி முதன்முதலாக அந்தக் காலடி ஓசையைக் கேட்டாள்.

அலுவலகத்திலிருந்து வந்து, மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் ஞானம்பாள் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்கு இத்தனை அருகில் குடியிருந்துகொண்டு மெழுகுவர்த்தி தேட வேண்டியிருக்கிறதே என்று சம்பத் இருந்திருந்தால் சிரித்திருப்பான். சம்பத் இல்லை. ஆடி மாதம் கேளம்பாக்கம் அருகே ஒரு மணல் லாரி அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து அவனுடைய அறை பூட்டியே கிடந்தது.

பூட்டிய அறைக்குள் யாரோ நடந்தார்கள்.

டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மனமில்லாமல் வருவதுபோல ஓர் இழுவை. சர்ர்... டக்.

சங்கரி கையில் செருப்போடு அப்படியே நின்றாள். அந்த ஓசை அவளுக்குப் பழக்கமானது. எங்கே கேட்டது, எப்போது கேட்டது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது இந்த வீட்டின் ஓசை. தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் சம்பத்தின் நடையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

சமையலறையிலிருந்து ஞானம்பாள் குரல் கொடுத்தாள். "சங்கரி, அப்டியே அலமாரி மேல தீப்பெட்டி கீதான்னு பாரு."

"நான் வாசல்ல நிக்கிறேன் அத்தை."

"வாசல்லயா? இன்னாடி சொல்ற, இப்பதானே உள்ள நடந்த?"

இருவருமாகப் பூட்டைத் திறந்தார்கள். ஜன்னல் வழியாக வந்த மங்கலில் சம்பத் செய்த இயந்திரம் நின்றிருந்தது. வழக்கமாக மேசை ஓரமாக நிற்கும் அது, இன்று கதவை நோக்கி ஒரு முழம் வந்திருந்தது.

ஞானம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காசிநாதன் வந்தார். படூர் பொறியியல் கல்லூரியில் சம்பத்தோடு விரிவுரையாளராக இருந்தவர். சம்பத்தை மச்சான் என்றும் சங்கரியைத் தங்கச்சி என்றும் கூப்பிடுபவர். இயந்திரத்தைக் குப்புறக் கவிழ்த்து அதன் பாதங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் காலிங்பெல் பொத்தான் ஒன்று பதித்திருந்தது.

"உப்புக் காத்து தங்கச்சி. பொத்தான் எல்லாம் பாசி புடிச்சிருக்கு. ஈரமாச்சுன்னா தானா கரண்ட் பாயுது. பேட்டரிய கழட்டாம விட்டுட்டோம், அதான் ஒரு எட்டு வெச்சிருக்கு. பயப்படாத."

"பயமில்லண்ணா." அது பொய் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் பேட்டரியின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், ஞானம்பாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சங்கரி அந்தக் கம்பியை மறுபடி மாட்டினாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டாள். கடலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

டக். சர்ர்... டக்.

அவளுக்கு அழுகை வந்தது. இனி பயமில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு ஈரமான மாலைகளில் எல்லாம் அவள் அந்தக் கம்பியை மாட்டினாள். அவன் வருவான். ஓர் எட்டு, சில நாள் இரண்டெட்டு. கதவு வரைக்கும் ஒரு நாளும் வந்ததில்லை.

சம்பத் அந்த இயந்திரத்துக்குக் கொலுசு என்று பெயர் வைத்திருந்தான். ஆறு காலிலும் மோட்டார் சைக்கிள் சங்கிலி ஓடுவதால், நடக்கும்போது ஒரு கிணுகிணுப்பு இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர் என்று சங்கரி நினைத்திருந்தாள். கல்லூரிகளில் ரோபோ சண்டை நடத்தத் தொடங்கியிருந்த காலம் அது. தகரமும் இரும்புமாகச் செய்த இயந்திரங்கள் பலகை மேடையில் முட்டி மோதி ஒன்றையொன்று புரட்டும். பெரும்பாலும் சக்கர வண்டிகள்தான். முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் நடக்கும் இயந்திரமாக இருந்தால் பாதி எடை கூடுதலாக அனுமதிப்பார்கள், கால்களுக்கு அத்தனை இரும்பு தேவைப்படும் என்பதால்.

அந்தச் சலுகையில்தான் வம்பே. எது நடை?

முந்தைய வருடம் சம்பத் ஓர் இயந்திரம் கொண்டுபோயிருந்தான். உள்ளே ஒரு தண்டு சுழலும்; அதில் கோத்த கால்கள் மேலும் கீழுமாகப் போய்வரும். பார்ப்பதற்கு நடப்பது போலவே இருக்கும். நடுவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது நடை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த சம்பத் முகம் கழுவிக்கொண்டே சிரித்தான். "அவர் சொன்னது நியாயம்தான் சங்கரி. அது சக்கரத்துக்கு மாட்டின கால். அடுத்த வருஷம் உண்மையான நடையைக் கொண்டுபோறேன். 'நடக்குது'ன்னு அந்த மனுஷன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் பாரு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் ஆடி வரைக்கும் மாதக்கணக்கில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தான். பழைய லாரிகளின் கண்ணாடி துடைப்பான் மோட்டார்களை வாங்கி வந்து, காலுக்கு இரண்டாக மாட்டினான். ஒன்று தூக்க, ஒன்று வீச. சங்கரி தேநீர் கொண்டுபோனால் வாங்கி வைத்துவிட்டு, அவள் திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டிருப்பான். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல, போ" என்பான்.

மாசி மாதப் போட்டிக்கு அறிவிப்பு வந்தபோது காசிநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மச்சான் பேரை எடுத்துடட்டுமா தங்கச்சி?"

"எடுக்க வேணாம்ணா. கொண்டுபோவோம். அந்தச் சொல்லை வாங்கிக் குடுத்துடணும் அவருக்கு."

அதற்கான வேலை தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. கொலுசின் ஆறு கால்களும் மூன்று மூன்றாக எழுந்து விழும். முதல் மூன்றும் சுறுசுறுப்பாகப் போய் விழுந்துவிடும். அடுத்த மூன்றும் எப்போதும் தாமதம். தரையை உரசிக்கொண்டு வந்து சேரும். காசிநாதன் சங்கிலியை இறுக்கினார். மோட்டார்களை மாற்றினார். பல்சக்கரங்களைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினார். தாமதம் போகவில்லை.

"எல்லாத்தையும் புதுசா போட்டுட்டேன். அப்பவும் இழுக்குது," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மச்சான் சிப்புல என்ன எழுதி வெச்சான்னு பாக்கலாம்னா, படிக்க முடியாத மாதிரி பூட்டிட்டுப் போயிட்டான். எனக்கே சில சமயம் சந்தேகமா இருக்கு தங்கச்சி. உள்ள உக்காந்துகிட்டு அவன்தான் விளையாடுறானோ என்னவோ."

சிரிப்பதற்காகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து ஞானம்பாள் மட்டும், "சங்கரி, எவ்ளோ வாட்டிதான் குறுக்க நெடுக்க நடப்ப? உக்காரேன்டி, காலு வலிக்கும்," என்றாள். சங்கரி உட்கார்ந்துதான் இருந்தாள்.

போட்டி நடந்த கல்லூரி பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்தது. காசிநாதன் இயந்திரத்தோடு வேனில் விடியற்காலையிலேயே போய்விட்டார். சங்கரி அணுமின் நிலைய நகரியத்துப் பேருந்தில் கிளம்பினாள். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய வலது கால் சற்றுக் குட்டையாகிப் போயிருந்தது. செங்கல்பட்டில் சொல்லிச் செய்த செருப்புக்கு ஒரு பக்கம் தடித்த அடி. இடது காலை முதலில் வைத்து ஏறி, ஒரு நொடி நின்று, வலதை இழுத்துக்கொள்வாள், ஓட்டுநர் பொறுத்திருப்பார். நான்கு பேர் இருக்கும் இடத்தில் அவள் ஓரமாகவே நடப்பாள், ஓசை எழாமல். பாதி ஆயுளை அந்தப் பழக்கத்திலேயே கழித்துவிட்டாள்.

மைதானத்தில் பலகை மேடை போட்டு, சுற்றிலும் கம்பி வலை கட்டியிருந்தார்கள். சங்கரி படிக்கட்டு இருக்கையில் மேலே, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நடுவர் உலகநாதன் மறைமலைநகரில் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். போன வருடம் சம்பத்தைத் திருப்பி அனுப்பியவரும் இவர்தான். கொலுசு இரண்டு எட்டு வைப்பதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னாப்பா இது, வண்டி நொண்டுது?"

வலைக்கு வெளியே சிரிப்பு எழுந்தது. சங்கரி புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எதிரணித் தலைவன் ரமேஷ், கூடுவாஞ்சேரிக்காரன், முன்னால் வந்தான். "சார், இது நடக்கவே இல்ல சார். மூணு காலும் ஒண்ணா தூக்குது, ஒண்ணா வைக்குது. உள்ள ஒரே தண்டுல கோத்திருக்காங்க. போன வருஷமும் இதே டீம் இதே டிராமாதான். எடைய பாருங்க, நாப்பத்தி ரெண்டு. எங்க வண்டிய நாங்க அரம் வெச்சு ராவி ராவி முப்பதுக்குக் கொண்டாந்துருக்கோம்."

"இருப்பா, கத்தாத." உலகநாதன் தகர மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே குனிந்தார். "மோட்டாரு தனித்தனியா கீது. ஒத்துக்கறேன். ஆனா எல்லாத்துக்கும் ஒரே வயர்ல கரண்ட் வுட்டா அதுவும் ஒரே தண்டு மாதிரிதான். காலுன்னா தானா தூக்கணும், எடம் பாத்து தானா வைக்கணும். சரி, இத்த சொல்லு. இந்த மூணு காலு ஏன் லேட்டா வருது? வேணும்னே வெச்சிருந்தா அது நடை. தேஞ்சு போயி லேட்டானா, அது இழுத்துகினு போறது. எது?"

"தெரியல சார்," என்றார் காசிநாதன். "செஞ்சவரு..."

"கூப்புடு அவர."

"ஆடி மாசம் தவறிட்டார் சார்."

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். ரமேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்கப்பா," என்றார் நடுவர். "ஆனா ரூல ஒருத்தருக்கு மாத்த முடியாது. ஒரு செங்கல் கொண்டாங்க."

செங்கல்லை மேடையில் கிடத்தினார்கள். கொலுசு வந்தது. இடப்பக்க முன்கால் செங்கல்லில் முட்டியது. பாதத்துப் பொத்தான் 'டிக்' என்றது. மற்ற ஐந்து கால்களும் அப்படியே நின்றன. முட்டிய கால் மட்டும் மறுபடி எழுந்து, இன்னும் உயரமாகப் போய், செங்கல்லின் மேல் பாதத்தை வைத்தது. ஒரு நொடி நின்றது. பிறகு மற்ற கால்கள், கடைசியில் அந்தத் தாமதக் கால்கள், இழுத்துக்கொண்டு ஏறின.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

"அட்றா!" என்றார் உலகநாதன். "இப்ப சோத்தாங்கை பக்கம் வைப்பா செங்கல்ல."

வலப்பக்க முன்கால் முட்டியதும் கொலுசு நின்றது. பின்வாங்கியது. உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, மறுபடி இடப்பக்கக் காலையே செங்கல்லின் மேல் தூக்கி வைத்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் அப்படியே.

"பாத்தீங்களா சார்? ஒரு பக்கம் வேலையே செய்யல. ரிப்பேர்," என்றான் ரமேஷ்.

"அதான் எனக்கும் பேஜாரா கீது," என்று உலகநாதன் தாடையைத் தடவினார். "ஏன் அந்தக் கால மட்டும் முன்னால வைக்க மாட்டேங்குது?"

மேல் வரிசையில் சங்கரி எழுந்து நின்றுவிட்டிருந்தாள். ஐப்பசியிலிருந்து இருட்டில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த நடை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் என்று அவள் நினைத்துக்கொண்டவன். ஞானம்பாள் ஒருமுறைகூடத் தவறாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நடை.

யாருக்கும் தன் குறட்டை கேட்பதில்லை. தன் நடையும் அப்படித்தான் போலிருக்கிறது.

அவள் படிகளில் இறங்கினாள். இடது கால். ஒரு நொடி. வலது கால். மரப்படிகள் அதிர்ந்து ஓசை எழுப்பின. ஓரமாகப் போகவில்லை, நடுவாகவே இறங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் வலைக்கதவைத் திறந்து உள்ளே வந்தபோது காசிநாதன் பதறினார். "தங்கச்சி, நீ எதுக்கு..."

"ரிப்பேர் இல்ல சார்," என்றாள் சங்கரி நடுவரிடம். "அவர் வேணும்னேதான் செஞ்சிருக்கார்."

"நீங்க யாரும்மா? உங்களுக்கு எப்டி தெரியும்?"

"அவர் சம்சாரம்." "நான் நடக்கறதைப் பாருங்க."

மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவள் நடந்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் நடந்தது அதுவே முதல் தடவை. தடித்த அடிச் செருப்பு பலகையில் விழுந்தது. டக். சர்ர்... டக். செங்கல்லின் முன் வந்ததும் நின்றாள். வலது கால்தான் அதை ஒட்டி இருந்தது. அவள் பின்வாங்கி, உடம்பைத் திருப்பி, இடது காலை வைத்து ஏறி, ஒரு நொடி நின்று, வலதை இழுத்துக்கொண்டாள்.

ரமேஷ் மெல்ல, "சார்..." என்றான். ஆனால் அது ஆட்சேபமில்லை.

உலகநாதன் அவளுடைய கால்களைப் பார்க்கவில்லை. கொலுசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கைக் கையில் வாங்கினார்.

"நடக்குது," என்றார்.

பெண் பார்க்க வந்த அன்றைப் பற்றிக் கல்யாணமான புதிதில் சம்பத் சொன்னது சங்கரிக்கு அப்போது நினைவு வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவன், அவள் காபித் தட்டோடு உள்ளேயிருந்து வரும் ஓசையை முதலில் கேட்டானாம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவனுக்குப் பிடித்துப் போயிற்றாம். கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கல்யாணத்தன்று போட்ட கொலுசையும், நடையைக் காட்டிக்கொடுக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

காசிநாதன் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அவன் கேட்ட சொல்லு கெடச்சிடுச்சு தங்கச்சி. போதும். சண்டைக்கு வுட்டா இதை ஒடச்சிடுவாங்க. வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்."

சங்கரி கொலுசின் முதுகில் கை வைத்தாள். தகரம் வெயிலில் சுட்டது. வீட்டில், பூட்டிய அறையில், ஈரமான மாலைகளில் ஓர் எட்டு எடுத்து வைத்துவிட்டு நின்றுவிடும். அவளும் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இன்னும் எத்தனை வருடம்?

"சண்டைக்குத்தானேண்ணா செஞ்சார்? விடுங்க."

ரமேஷின் வண்டி தாழ்வாக, முன்புறம் முறம் மாதிரிச் சரிந்து இருந்தது. மணி அடித்ததும் பாய்ந்து வந்து மோதியது. கொலுசு தள்ளாடியது, ஆனால் விழவில்லை. இரண்டாவது மோதலில் முன்கால் ஒன்று மடங்கியது. கொலுசு திரும்பியது. அந்தத் தாமதக் கால் வந்து சேரும் வரை நின்று, பிறகு வண்டியை நோக்கியே நடந்தது. "போடு கொலுசு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். மூன்றாவது தடவை ரமேஷின் வண்டி அடியில் நுழைந்து தூக்கியது. கொலுசு மல்லாந்து விழுந்தது.

விழுந்த பிறகும் அது நடந்தது. வானத்தைப் பார்த்தபடி, காற்றில், ஒன்றும் தட்டுப்படாத பாதங்களால். மூன்று கால்கள் போயின. நின்றது. மடங்கிய காலையும் சேர்த்துக்கொண்டு மற்ற மூன்றும் தாமதமாக வந்தன. முதலில் சிரித்த சிலரும் அடங்கிப் போனார்கள். தோற்றுவிட்டது என்று உலகநாதன் அறிவித்தார். ரமேஷ் தன் வண்டியை நிறுத்திவிட்டு, கொலுசின் விசை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தூரமாக நின்றான்.

காசிநாதன் எழுவதற்குள் சங்கரி உள்ளே போய்விட்டாள். மேடையின் குறுக்கே, ஓசை எழ நடந்து போய், அதன் அருகே மண்டியிட்டாள். விசை எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உடனே அணைக்கவில்லை. அந்தக் கால் வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது.

"போதும்," என்று சொல்லி அணைத்தாள்.

இருட்டும் நேரத்தில் வேன் கல்பாக்கம் வந்து சேர்ந்தது. உடைந்த இயந்திரத்தைக் காசிநாதன் தன் கல்லூரிப் பட்டறைக்கே கொண்டுபோகிறேன் என்றார். முன்காலைச் சரிசெய்து மாணவர்களுக்குக் காட்டப் போகிறாராம். சங்கரி பேட்டரியின் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, சரி என்றாள்.

அவள் படியேறியபோது கடற்காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுபவள், இன்று கால்கள் விழுகிறபடி விழட்டும் என்று விட்டாள். மாடி முழுக்க எதிரொலித்தது. செருப்பைக் கழற்றாமலே கதவைத் திறந்தாள். மறுபடி மின்சாரம் இல்லை. சம்பத்தின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேசையும் வெறும் தரையும் மட்டும். இத்தனை நாள் அங்கே நடந்தவன் அவன் இல்லை. ஆனால் யாரோ இருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று போலவே மூச்சு விடாமல், தலையைச் சற்றுச் சாய்த்து, அவள் அடுத்த எட்டு வைப்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் ஓர் எட்டு வைத்தாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "சங்கரி?" ஞானம்பாளின் குரல் தாழ்ந்திருந்தது. "நீயா, அதுவா?"

சங்கரி கூடத்தின் நடுவில், இருட்டில், வலது காலை இழுத்து வந்து வைத்தாள்.

"நீதான்," என்றாள் ஞானம்பாள். "அது இவ்ளோ சத்தமா நடக்காது. உள்ள வா, காபி ஆறுது."